முதல் கார், கையில் மூன்று லட்சம்: எதை வாங்கலாம், இன்சூரன்ஸ் எப்படிப் போடலாம்?

கேள்வி இது: கும்பகோணத்தில் வேலை, வயது 26. கார் லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவை மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்ற நாட்களில் உள்ளூர் ஓட்டம்தான். கையில் மூன்று லட்சம் இருக்கிறது, கடன் வாங்க மனசில்லை. செலவு வைக்காத பழைய கார் எது? புதிதாக ஓட்டுபவர்களுக்கு இன்சூரன்ஸ் மிக அதிகம் என்கிறார்களே, நிஜமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தினாலேயே பலர் தப்பான பாலிசியை எடுக்கிறார்கள். நம் ஊரில் அது நிஜமில்லை. இங்கிலாந்தில் லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஓர் இளைஞர் கட்டும் பிரீமியத்துக்கு ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். அங்கே ஓட்டுபவரின் வயதையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நாம் இணையத்தில் படிப்பதில் பாதி அந்த ஊர்க்காரர்களுக்காக எழுதியது. இந்தியாவில் தேர்டு பார்ட்டி, அதாவது நாம் இடித்த எதிராளிக்கான காப்பீட்டின், பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, அதுவும் இன்ஜின் சி.சி.யை மட்டும் வைத்து. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கும் மேல் போனால் 7,897 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதிலும் பார்ப்பது வண்டியின் மதிப்பு, வயது, எந்த ஊர்ப் பதிவு, முன்பு கிளெய்ம் வாங்கியதா என்பதைத்தான். உங்களுக்கு 26 வயதா 56 வயதா என்பது பெரும்பாலும் கணக்கிலேயே வராது.

சரி, வண்டிக்கு வருவோம். திருச்சியில் பல வருடம் பட்டறை வைத்திருந்தேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் "ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிட, போய்ப் பார்த்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. அதில் நான் கண்டது இதுதான். மூன்று லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்தவர்கள்தான் ஆறே மாதத்தில் வண்டியைத் திட்டினார்கள். உங்கள் வண்டியின் விலை இரண்டரை லட்சத்தைத் தாண்ட வேண்டாம். நாலு டயரும் தேய்ந்திருந்தால் பதினைந்தாயிரம் பக்கம் போய்விடும். பேட்டரி நாலைந்தாயிரம். ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் பேட் எல்லாம் மாற்றி முதல் சர்வீஸ் செய்ய ஐந்தாறாயிரம். பேர் மாற்றம், இன்சூரன்ஸ் இரண்டும் சேர்ந்து இன்னொரு பத்தாயிரம். வாங்கிய முதல் மாதத்திலேயே இதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அப்போது கையில் காசு இல்லாவிட்டால் டயரை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவோம். மழைக்காலத்தில் பாபநாசம் ரோட்டில் தேய்ந்த டயரோடு புது டிரைவர் போவதை நினைத்துப் பாருங்கள்.

எந்த வண்டி என்பதற்கு என்னுடைய அளவுகோல் ஒன்றுதான். உங்கள் தெரு மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், கேட்ட உதிரிப்பாகம் அன்று சாயங்காலத்துக்குள் கும்பகோணத்திலேயே கிடைக்க வேண்டும். அந்த அளவுகோலில் முதலில் நிற்பது மாருதி வேகன் ஆர், அந்த 998 சி.சி. பெட்ரோல். உயரமான சீட் என்பதால் வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், உங்கள் அப்பாவுக்கு அது பெரிய சௌகரியம். முன்னாலும் பக்கவாட்டிலும் ரோடு நன்றாகத் தெரிவதால் புதிதாக ஓட்டுபவருக்கும் பயம் குறையும். அடுத்து செலெரியோ, ஆல்ட்டோ கே10. இந்த மூன்றும் 1000 சி.சி.க்குள் அடங்குவதால் தேர்டு பார்ட்டி கட்டணமும் குறைவு. ஸ்விஃப்ட் ஓட்ட இன்பமான வண்டிதான். ஆனால் 1197 சி.சி. என்பதால் பிரீமியம் அடுத்த படிக்குப் போய்விடும், பழைய ஸ்விஃப்ட்டை வேகமாக ஓட்டித் தள்ளியவர்களும் அதிகம். ஹூண்டாய் கிராண்ட் ஐ10, டாடா டியாகோ இரண்டும் நல்ல வண்டிகள், நல்ல கையில் ஓடியது கிடைத்தால் தயங்க வேண்டாம்.

கடை மூடிவிட்ட பிராண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஷெவர்லே 2017-லேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, டட்சன் 2022-ல் போனது. மறைமலை நகரில் தயாரான ஃபிகோ எனக்கு மிகவும் பிடித்த வண்டி. ஸ்டீயரிங் பிடித்தாலே தெரியும், அவ்வளவு உறுதி. இருந்தாலும் முதல் வண்டியாக வேண்டாம். ஒரு ஹெட்லைட்டுக்கோ கதவுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை, மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய வீட்டுக்குச் சரிப்படாது. டீசலும் வேண்டாம். நீங்கள் சொல்லும் ஓட்டம் மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட வராது. அந்த ஓட்டத்துக்கு டீசலில் மிச்சமாகும் காசை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை விழுங்கிவிடும்.

தயாரிப்பு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நம் ஊர் கார்களை மோதிப் பார்த்தபோது ஆல்ட்டோ 800, ஐ10, ஸ்விஃப்ட், ஃபிகோ என்று சோதித்த அடிப்படை மாடல்கள் எல்லாம் பூஜ்ஜியம் நட்சத்திரம் வாங்கின. ஒன்றிலும் ஏர்பேக் இல்லை. அதன் பிறகுதான் சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 2019 ஏப்ரலிலிருந்து எல்லா புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதே வருடம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். எனவே 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டி உங்கள் பட்ஜெட்டில் வந்தால், அது கொஞ்சம் சின்ன வண்டியாக இருந்தாலும் அதையே எடுங்கள். வராவிட்டால் 2014–2018 வண்டிகளில் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வைத்து வந்த வேரியன்டாகத் தேடுங்கள், குறைவுதான், ஆனால் இருக்கிறது. புது டிரைவர் பயத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பார். அப்போது வீல் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துப் போகாமல் காப்பது ஏ.பி.எஸ். மியூசிக் சிஸ்டம், அலாய் வீல், சீட் கவர் இதற்கெல்லாம் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், ஏர்பேக்குக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் கொடுங்கள்.

ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் ஒரு சின்னச் சோதனை. சாவியைப் போட்டு இக்னிஷனைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விபத்தில் ஏர்பேக் வெடித்த பிறகு புதிது போடாமல் விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியிலேயே பிடிக்க வேண்டும், புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் கலையாமல் இருந்தால் பானெட் கழற்றப்படவில்லை. ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் முன்பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவு ரப்பர் பீடிங்கை ஓரிடத்தில் இழுத்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 1821 என்றால் 2021-ன் பதினெட்டாவது வாரத்தில் தயாரானது. "இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது" என்பார்கள், பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். மீட்டரைத் திருப்பலாம், பெடல் ரப்பரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஓனரையும் கூட வந்து கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சீட் பெல்ட். 2016-ல் சென்னையில் ஒரு வண்டி பார்க்கப் போனோம். பளபளவென்று இருந்தது, உள்ளே நல்ல வாசனை, விலையும் குறைவு. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். கீழ்ப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே நேராகச் செம்மண் கறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. கார்ப்பெட்டை மாற்றியிருந்தார்கள், சீட்டைக் கழுவியிருந்தார்கள், பெல்ட்டின் கடைசிச் சுருளை மட்டும் விட்டுவிட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் வயரிங் பல நேரம் மாதங்கள் கழித்துத்தான் தொல்லை கொடுக்க ஆரம்பிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் நிறைய வண்டிகள் தண்ணீரில் நின்றன. ஆகவே பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தாள் விஷயம். வண்டி நம்பரை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன், இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, செலான் பாக்கி உண்டா எல்லாம் தெரியும். வங்கிக் கடன் கட்டி முடித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. ஆட்சேபணை இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் கையில் வர வேண்டும். டெல்லி, பெங்களூர்ப் பதிவு வண்டிகள் மலிவாகத் தெரியும். இங்கே பதிவு மாற்றி வரி கட்டிய பிறகு கணக்குப் போட்டால் அந்த மலிவு காணாமல் போயிருக்கும். பாண்டிச்சேரிப் பதிவு நம் டெல்டா பக்கம் நிறைய ஓடுகிறது, அதற்கும் இதே கணக்குத்தான். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டி விலை இறங்கியது, பழைய வண்டியின் விலையைப் பேசும்போது இதையும் சொல்லிப் பேசுங்கள்.

பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ல் தேதி போடாமல் விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "பேர் மாற்றம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொல்வார். கேட்காதீர்கள். சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவருக்கும் இது முக்கியம், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை விற்பவரிடம் சொன்னால் அவரே உங்களை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவசரப்படுத்துவார்.

இப்போது இன்சூரன்ஸ். என் மைத்துனர் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கினார். ஆர்.சி. ஒழுங்காக அவர் பேருக்கு மாறிவிட்டது. பாலிசியில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது, விற்றவர் பேரில். "முடியட்டும், ரினியூவலில் என் பேருக்குப் போட்டுக்கொள்கிறேன்" என்றார், நானும் அப்போது வற்புறுத்தவில்லை. ஐந்தாவது வாரம் புதுக்கோட்டை ரோட்டில் எதிரே வந்த மாட்டைத் தவிர்க்கப் போய்ப் பாலத்துக் கட்டையில் இடித்தார். ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டிக்கு 64,000 ரூபாய் செலவு. கம்பெனி ஒரு ரூபாய் தரவில்லை. பாலிசி வேறொருவர் பேரில், ஆர்.சி. வேறொருவர் பேரில், பிறகு எப்படித் தருவது? சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவுப்படி வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாகப் புது ஓனருக்கு வந்துவிடும். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியை நம் பேருக்கு மாற்ற வேண்டும். மைத்துனர் அந்த 64,000-ஐ நகையை வைத்துக் கட்டினார். அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன். பணம் கொடுத்துச் சாவி வாங்குகிற அன்றே பாலிசி மாற்றத்துக்கு எழுதிக்கொடுங்கள், அல்லது உங்கள் பேரில் புதுப் பாலிசியே எடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது கொஞ்சம் பணம் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். விற்றவர் கிளெய்ம் வாங்காமல் ஓட்டியதற்காக அவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. முதல் வருடத்துக்கு 20, பிறகு 25, 35, 45, கடைசியாக 50 சதவீதம் வரை போகும் தள்ளுபடி அது. அவருக்கு 50 சதவீதம் இருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது "போனஸ் எத்தனை?" என்ற இடத்தில் 50 என்று தட்டினால் பிரீமியம் சட்டென்று இறங்கும், சில ஏஜென்ட்டுகளே அப்படித் தட்டிக் கொடுப்பார்கள். கிளெய்ம் வரும்போது பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள், அப்போது மாட்டுவது நீங்கள். முதல் கார் என்றால் உங்கள் போனஸ் பூஜ்ஜியம், அதையே போடுங்கள். டூவீலரில் சேர்த்த போனஸும் காருக்கு வராது.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா, முழுப் பாலிசி வேண்டுமா? தேர்டு பார்ட்டி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு, ஆகவே அது கட்டாயம். ஆனால் அது நாம் இடித்த எதிராளிக்குத்தான், நம் வண்டிக்கு ஒன்றும் வராது. பத்து வருட வண்டிக்கு முழுப் பாலிசி வீண் என்று சொல்வார்கள். அனுபவசாலி ஓட்டுகிற வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். உங்களுக்கு முதல் இரண்டு வருடமாவது முழுப் பாலிசி போடுங்கள் என்பேன். பிரீமியம் குறைய வேண்டும் என்று வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, குறைத்துப் போடாதீர்கள். வண்டி திருட்டுப் போனாலோ, ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி மொத்த நஷ்டம் என்று முடிவானாலோ கிடைப்பது அந்தத் தொகைதான்.

ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்குச் சில நூறு ரூபாய்தான், அதை எடுங்கள். டெல்டாவில் இருக்கிறீர்கள், ஐப்பசி கார்த்திகை மழை தெரியும், கம்பெனி தந்தால் இன்ஜின் புரொடெக்‌ஷனும் சேருங்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண பாலிசியில் அதற்குக் காசு கிடைக்காது. தள்ளி ஓரமாக விட்டு, போட்டோ எடுத்துக் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், இழுவை வண்டியில்தான் பட்டறைக்குப் போக வேண்டும். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் காசு தரும் ஜீரோ டெப்ரிசியேஷன், நம் ஊர்ப் பேச்சில் பம்பர் டு பம்பர், ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்குக் கிடைப்பது கஷ்டம், கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போக வேண்டாம். பம்பர் மாற்ற 3,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகம் என்பதால் பாதி தேய்மானம் கழித்து 1,500. 1500 சி.சி. வரையுள்ள காரில் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 போக, கைக்கு வருவது 500. அதை வாங்கினால் அடுத்த வருடம் வர வேண்டிய 20 சதவீத போனஸ் போய்விடும், சேதப் பகுதியின் பிரீமியம் 4,000 என்றால் அது 800 ரூபாய். வீட்டுச் சுவரிலும் கேட்டிலும் முதல் ஆறு மாதத்தில் நாலைந்து கீறல் விழத்தான் செய்யும். அவற்றை அப்படியே விட்டுவைத்து, கை நன்றாகப் பழகிய பிறகு மொத்தமாக டிங்கரிங், பெயிண்ட் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய அடி என்றால் வண்டியைப் பட்டறைக்கு நகர்த்துவதற்கு முன்னால் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஆளுக்கு அடிபட்டிருந்தால் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தில் உடனே தெரிவியுங்கள். நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், போகலாம், அதற்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை.

வீட்டில் தங்கையோ தம்பியோ இதே வண்டியில் பழக வேண்டுமென்றால், எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுத்து, எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாலிசி செல்லும். அவர் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு லைசென்ஸ் வந்து இரண்டே மாதம்தான் ஆகிறது. ஒரு வருடம் போகட்டும், அதுவரை அந்தப் பக்கத்து சீட்டில் வேறு யாராவது பெரியவர் உட்காரட்டும்.